வில்லையின் குணமும் ஆயாவின் தோடும்

ஒரு பாடகரின் குரல் சுருதியில் நிற்கிறதா என்பதைக் கருவி வைத்து அளந்துவிடலாம். அக்குரலின் கார்வை எத்தகையது, அது நம்மை ஏன் எழவிடாமல் உட்காரவைக்கிறது என்பதைச் சொல்வதற்கோ பலநாள் கேட்டுப் பழகிய செவி வேண்டும். புகைப்பட வில்லைகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோடுகளை ஒரு வில்லை பிரித்துக் காட்டுகிறது என்பதற்கு அட்டவணை உண்டு, வரைபடம் உண்டு. அது ஒரு முகத்தை எப்படிச் சொல்கிறது, முகத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்தை எப்படிக் கரைக்கிறது, நிழலுக்குள் எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்கிறது என்பவற்றுக்கு அட்டவணை இல்லை. இதைத்தான் வில்லையின் 'குணம்' என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். இலக்கியத்தில் நடை என்கிறோமே, அதற்கு நிகரானது இது.

நாங்கள் நால்வர். பென்னாகரத்தில் மாதம் ஒருமுறை கூடி, படித்த நூல்களைப் பற்றிக் கடைசிப் பேருந்து புறப்படும்வரை பேசிக்கொண்டிருப்பவர்கள். புகைப்படக்கலை எங்களுள் இருவருக்குப் பழைய பித்து; மற்ற இருவருக்குத் தொற்றிக்கொண்ட பித்து. ஆனால் வில்லையின் குணத்தை இத்தனை கவலையோடு ஆராயத் தொடங்கியதற்குப் பித்து மட்டும் காரணம் அன்று. சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குத் துக்கம் விசாரிக்கச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கண்டோம். மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் படம் பல வீடுகளில் வாக்காளர் அட்டையிலிருந்தோ ஆதார் அட்டையிலிருந்தோ பெரிதாக்கப்பட்டதாக இருக்கும். எண்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், வரிசையில் நின்று களைத்து, காமிராவைக் கண்டு மிரண்டு விழித்த அந்த ஒரு நொடியாகச் சுவரில் நிலைத்துவிடுகிறார். பேரப்பிள்ளைகளின் நினைவிலும் அந்த மிரட்சிதான் தங்கும். ஆகவே, உயிரோடிருக்கும் மூத்தோரை அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே அமரவைத்து, ஆளுக்கு ஒரு படமாவது எடுத்துச் சட்டமிட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த கேள்வி உடனே வந்து நின்றது: எந்த வில்லையால் எடுப்பது?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுகள் சுவரில் இருக்கப்போகும் முகத்தை எழுதப்போகும் எழுதுகோல் எது என்று கேட்டுப் பாருங்கள். அதன் கனம் விளங்கும்.

எங்களிடம் இருந்தது ஜோர்க்கி-4 என்னும் சோவியத் நாட்டு ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அண்டை ஊரில் கடையை மூடிவிட்ட ஸ்டுடியோக்காரர் ஒருவர் மனமுவந்து கொடுத்தது. இவ்வகைக் காமிராவை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எஸ்.எல்.ஆர். காமிராவில் வில்லை காண்பதையே நம் கண்ணும் காண்கிறது; உள்ளே இருக்கும் கண்ணாடி அந்த உருவத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. காமிராவின் மேற்புறத்தில் தனியாக ஒரு சாளரம் இருக்கும். அதன் நடுவில் இரட்டையாகத் தெரியும் உருவம், வில்லையைத் திருகத் திருக நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் தொலைவு சரி என்று பொருள். அவ்வளவே. அந்தச் சாளரத்தில் முன்னாலிருக்கும் முகமும் பின்னாலிருக்கும் மரமும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். வில்லை எதைக் கூர்மையாக்கப் போகிறது, எதைக் கரைக்கப் போகிறது என்பது படம் எடுக்கும் கணத்தில் தெரியவே தெரியாது. ஃபிலிமைக் கழுவி அச்சிட்ட பிறகே தெரியும். ஆகையால் ரேஞ்ச்ஃபைண்டரைக் கையாள்பவர் தம் வில்லையின் குணத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும்.

இந்தக் குறைக்கு ஈடாக ஒரு வரமும் உண்டு. படம் பதிவாகும் கணத்தில் சாளரம் இருள்வதில்லை. எஸ்.எல்.ஆரில் கண்ணாடி எழுந்து மறைக்கிறதே, அந்தக் கணம் இதில் மறைவதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் முதியவர் அந்த நொடியில் இமைத்தாரா, இல்லையா என்பது எடுப்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும். ஃபிலிம் விலைகூடிய இந்நாளில் இது சிறிய வரமன்று. ஒருகாலத்தில் நம் உதகமண்டலத்திலேயே, 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாராயிற்று. இன்று அந்த ஆலை இல்லை. வெளிநாட்டுச் சுருளைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, 50 மில்லிமீட்டரும் அதை ஒட்டிய அளவும் கொண்ட மூன்று வில்லைகள் சேர்ந்தன. காமிராவோடு வந்த ஜுபிடர்-8, பழைய பொருள் வாணிகர் ஒருவரிடம் வாங்கிய இண்டஸ்டார்-61, பெங்களூரு நண்பர் ஒரு மாதத்துக்கு இரவலாகத் தந்த 1950களின் லைக்கா சும்மிக்ரான். மூன்றும் 39 மில்லிமீட்டர் திருகுமரை கொண்டவை. ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றொன்றைப் பொருத்தலாம்.

மூன்றும் மூன்று குடிவழி. இண்டஸ்டார், சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902இல் தந்த டெஸ்ஸார் வடிவின் வழியில் வந்தது. மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள். ஜுபிடர், அதே சைஸின் காண்டாக்ஸ் காமிராவுக்காக லுட்விக் பெர்ட்டலெ 1930களின் தொடக்கத்தில் வடித்த சோனாரின் வாரிசு. மூன்று தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து சோவியத் நாட்டுக்கு இழப்பீடாகப் போனவற்றுள் சோனாரின் தொழில்நுட்பமும் ஒன்று. அங்கே அது ஜுபிடராக மறுபிறவி எடுத்தது. சும்மிக்ரானோ இரட்டைக் காஸ் எனப்படும் மரபைச் சேர்ந்தது. 1953இல் வெளிவந்த அதன் முதல் வடிவில் ஆறு தொகுதிகளில் ஏழு கண்ணாடிகள்.

தொகுதிகளின் எண்ணிக்கையை ஏன் சொல்கிறோம் என்றால், குணத்தின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். பூச்சு இல்லாத மூன்று தொகுதி வில்லையில் ஆறு பரப்புகள். உள்ளே புகும் 100 பங்கு ஒளியில் 78 பங்கு மறுபுறம் சேரும். ஆறு தொகுதி என்றால் பன்னிரண்டு பரப்புகள். 61 பங்குதான் சேரும். இழந்த ஒளி இழந்ததாகவே போய்விட்டால் கவலையில்லை. அதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து அலைந்து, ஃபிலிமின்மேல் வெண்மூட்டமாகப் படரும். பெர்ட்டலெ கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்புகளைக் குறைத்தது இதற்காகவே. சைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் வெற்றிடத்தில் மெல்லிய பூச்சேற்றும் முறையைக் கண்ட பிறகுதான் பல பரப்புகள் கொண்ட வடிவங்களுக்கு விடிவு பிறந்தது. எங்கள் மூன்று வில்லைகளும் பூச்சு ஏறியவை. சற்றே சாய்த்துப் பார்த்தால் அவரைப்பூவின் நிறத்தில் ஒளிரும்.

தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரலாம். அந்நூல் செய்யுள் நெறியை வைதருப்பம், கௌடம் என இரண்டாகப் பகுத்து, செறிவு, தெளிவு, சமநிலை, இன்பம் எனத் தொடங்கும் பத்துக் குணங்களை வைத்து அவற்றை ஆராய்கிறது. ஒரு நெறிக்கு உயிரான குணத்தை மற்றொரு நெறி வேறு விதமாகக் கொள்ளும். வில்லைகளிலும் அப்படியே. எல்லாக் குணமும் ஒருங்கே அமைந்த வில்லை இல்லை. வடிவமைப்பவர் ஒன்றைப் பெறுவதற்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். எதை விட்டுக்கொடுத்தார் என்று கண்டறிவதுதான் மதிப்பீட்டின் முதற்படி.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. நாம் குணம் என்று கொண்டாடுவது உண்மையில் வில்லையின் குணம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய வில்லைகளுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். மரைக்கு இட்ட எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியின்மேல் மங்கலாகப் படிந்திருக்கும். பழுது பார்த்தவர் ஒரு கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தியிருக்கக்கூடும். இவை எல்லாம் 'கனவு போன்ற மென்மை' என்று பெயர் சூட்டிக்கொண்டு சந்தையில் வலம் வருகின்றன! இன்னொரு நுட்பமான காரணமும் உண்டு. லைக்கா தன் திருகு வில்லைகளின் குவியக் கணக்கை 51.6 மில்லிமீட்டரை அடிப்படையாகக் கொண்டு அமைத்தது. காண்டாக்ஸ் வழிவந்த ஜுபிடர்களின் கணக்கு 52.4 மில்லிமீட்டர். ஆகவே ஜுபிடரை லைக்காவில் பூட்டி, துளையை முழுக்கத் திறந்து, மிக அருகில் எடுத்தால் கூர்மை கண்ணைவிட்டு நழுவிவிடலாம். அது இரண்டு அளவுகோல்களின் பிணக்கு; வில்லையின் குணம் அன்று.

எனவே முதல் வாரம் முழுவதும் படமே எடுக்காமல் வில்லைகளைப் பரிசோதித்தோம். இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை வில்லைக்குள் செலுத்திப் பார்த்தோம். செய்தித்தாளைச் சுவரில் சாய்வாக ஒட்டி, ஒரு வரியின்கீழ் சிவப்புக் கோடிட்டு, அந்த வரியைக் குறிவைத்து எடுத்துப் பார்த்தோம். மிரர்லெஸ் டிஜிட்டல் காமிரா ஒன்றில் மூன்று வில்லைகளையும் இடைவளையத்துடன் பொருத்தி, ரேஞ்ச்ஃபைண்டரின் குறுக்கீடே இல்லாமல் ஒவ்வொன்றும் எங்கே கூர்மையாகிறது என்று திரையில் கண்டோம். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சி நிற்பதே குணம்.

இனி ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லைகளைப் பற்றிய புகழ்மொழிகளில் பெரும்பங்கு வடநாடுகளின் ஒளியில் எழுதப்பட்டவை. லைக்கா பிறந்த வெட்ஸ்லார் நகரில் கோடையின் உச்சத்திலும் சூரியன் அடிவானிலிருந்து 63 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. பென்னாகரமோ 12 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்டு பிற்பாதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். அப்போது முகத்தில் கண்குழிகள் இரண்டும் கிணறுகளாகிவிடும். மங்கிய வானத்தின்கீழ் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேற்றுமையைத் தூக்கிக் காட்டுகிறது என்று புகழப்படும் வில்லை, இங்கே அந்தக் கிணறுகளை இன்னும் ஆழமாக்கும். அங்கே சோகையானது என்று இகழப்படும் பழைய வில்லை, தன் உள்ளொளிச் சிதறலால் நிழலுக்குள் சிறிது வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து, இங்கே கருணையுள்ளதாகிவிடும். கண்ணாடி அதேதான். ஊர்தான் வேறு. ஆகவே எங்கள் ஊரின் ஒளியில், எங்களுக்கு மனப்பாடமான பொருள்களின்மேல் சோதித்துப் பார்ப்பது என்று வகுத்துக்கொண்டோம்.

முதற்சோதனை புளியமரம். தருமபுரிச் சீமையில் புளிக்குப் பஞ்சமில்லை. புளியிலையின் சிற்றிலைகள் நுண்ணியவை. அவற்றின் இடுக்குகளில் வானம் ஆயிரம் துளைகளாக ஒழுகும். அந்த மரத்தைப் பின்னணியாக்கி, ஒரு மீட்டர் தொலைவில் ஒருவரை நிறுத்தி முழுத் துளையில் எடுத்தால், ஒவ்வொரு வானத்துளையும் ஒரு வட்டமாக மலரும். அந்த வட்டங்களின் தன்மையையே 'பொக்கே' என்கிறார்கள். மங்கல் என்று பொருள்படும் இந்தச் சப்பானியச் சொல்லை ஆங்கிலப் புகைப்பட இதழ் ஒன்று 1997இல் பரப்பியது. சும்மிக்ரானின் வட்டங்களுக்கு ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை இருந்தது, இலைக்கூட்டம் படபடத்தது. ஜுபிடரின் வட்டங்கள் நடுவில் ஒளி கூடி ஓரத்தில் தேய்ந்து, ஒன்றோடொன்று குழைந்தன. இண்டஸ்டாரின் துளை சிறியதாகையால் அது மரத்தை மரமாகவே விட்டுவைத்தது. கோளப்பிறழ்ச்சி என்னும் பிழையை வடிவமைப்பாளர் எவ்வளவு திருத்தினார் என்பதைப் பொறுத்தது இது. மிகையாகத் திருத்தினால் பின்னணி வட்டத்துக்குக் கரை கட்டும். குறைவாகத் திருத்தினால் கரை கரையும்.

இதைக் குறிப்பேட்டில் எழுதும்போது எங்களுக்குச் சொல் தேவைப்பட்டது. வெண்ணெய் போன்றது என்பார்கள் மேலைநாட்டார். எங்கள் வீடுகளில் தினமும் கிண்டப்படுவது கேழ்வரகுக் களி. களி கிண்டத் தெரிந்தவர் கைப்பட்டால் கட்டி தட்டாமல் வழுவழுவென்று வரும். தெரியாதவர் கைப்பட்டால் மாவு அங்கங்கே திரண்டு நிற்கும். 'கட்டி தட்டாத களி' என்று ஜுபிடருக்கும், 'கட்டி தட்டியது' என்று சும்மிக்ரானுக்கும் எழுதினோம். நால்வருக்கும் உடனே விளங்கியது. தன் நாவறிந்த சொல்லால் ஒன்றைக் குறித்தால்தான் அடுத்தமுறை அதைக் கண் அடையாளம் காண்கிறது.

இரண்டாம் சோதனை ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதே அருவியின் பெயர். காவிரி கரும்பாறையில் மோதித் தூவானமாக எழும்போது, பாறையின் கருமைமேல் உண்மையிலேயே ஒரு வெண்புகை தொங்குகிறது. இதைவிடச் சிறந்த பரிசோதனைக் கூடத்தை எந்த நிறுவனமும் கட்டித் தர முடியாது. ஏனெனில் இங்கே மூட்டம் காட்சியிலேயே இருக்கிறது. வில்லையும் தன் பங்குக்கு மூட்டம் சேர்த்தால் எது ஆற்றினுடையது, எது கண்ணாடியினுடையது என்று பிரிக்க முடியாமல் போகும். சூரியனை எதிர்நோக்கி, பரிசல் ஒன்று பாறையிடுக்கில் திரும்பும்போது மூன்று வில்லைகளாலும் எடுத்தோம். இண்டஸ்டாரில் பாறை பாறையாகவும் புகை புகையாகவும் பிரிந்து நின்றன. சும்மிக்ரானில் புகையின் அடுக்குகள் தெரிந்தன. ஆனால் சூரியன் சட்டத்தின் மூலைக்கு வந்ததும் படம் முழுக்க ஒரு பால்மூட்டம் ஏறியது. ஜுபிடர் அந்த மூட்டத்தைச் சற்றுத் தாங்கிக்கொண்டது. ஆனால் பரிசலின் மூங்கிற் பின்னல் ஓரங்களில் தளர்ந்து போயிற்று.

மூன்றாம் சோதனை நடுகல். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. வயலோரத்தில் மழையும் வெயிலும் தேய்த்த வீரன் ஒருவன் இருக்கிறான். கையில் வில், பக்கத்தில் ஆநிரை. நண்பகலில் போனால் வெறும் கல்லாகத்தான் தெரியும். மாலையில் சாய்ந்த ஒளி வரும்போது அரைமணி நேரம் அவன் எழுந்து வருவான். மேடு பள்ளம் ஒரு நெல் அளவே உள்ள அந்தப் புடைப்பை எந்த வில்லை உணர்த்துகிறது? இங்கே சும்மிக்ரானை மிஞ்ச ஒன்றுமில்லை. அதன் சாம்பல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி வந்தன; தேய்ந்த விரல்களைக்கூட எண்ண முடிந்தது. கூர்மை என்பது வேறு, புடைப்பை உணர்த்துவது வேறு என்பதை அந்தக் கல் எங்களுக்கு விளக்கியது.

இத்தகைய மதிப்பீட்டால் ஒரு தொழிலின் போக்கே மாறியதும் உண்டு. 1950இல் தோக்கியோவில், லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை, சப்பானியரான ஜுன் மிக்கி நிக்கார் 85 மில்லிமீட்டர் வில்லையால் படம் எடுத்தார். பெரிதாக்கிய படத்தைக் கண்ட டங்கன் வியந்து அந்த வில்லையைச் செய்த நிறுவனத்துக்கே சென்று பார்த்தார். பின்னர்க் கொரியப் போருக்கு நிக்கார் வில்லைகளையே தம் லைக்காவில் பூட்டிக்கொண்டு போனார். சப்பானிய வில்லைகளை உலகம் திரும்பிப் பார்த்ததில் அந்த ஒரு முகப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சோதனை அட்டை அன்று, ஒரு மனித முகமே அங்கே அளவுகோலாயிற்று.

அதே 1950ஆம் ஆண்டு ஏப்ரலில், எங்களுக்குக் கிழக்கே திருவண்ணாமலையில், ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாள்களைத் தம் லைக்காவால் பதிவு செய்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது வானில் விண்கல் ஒன்று ஒளிர்ந்து சென்றதைத் தாமும் கண்டதாகச் சொன்னவர் அவர். வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே பயன்படுத்தியவர். அந்தப் படங்களைப் பார்ப்பவர் எவரும் வில்லையின் குணத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. மெலிந்த அந்த உடலையும் அணையாத அந்தக் கண்களையும் பார்க்கிறார்கள். டங்கனின் கதை வில்லையைக் கவனி என்கிறது. ப்ரெஸ்ஸோனின் படங்கள் வில்லையை மறந்துவிடு என்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நின்றோம்.

எங்களை அங்கிருந்து நகர்த்தியவர் ஓர் ஆயா. ஒகேனக்கல் சாலையை ஒட்டிய சிற்றூரில் திண்ணையில் அமர்ந்திருந்தவர். ஜுபிடரின் துளையை எஃப்/2க்குத் திறந்து, ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தோம். குளியலறையையே இருட்டறையாக்கி அச்சிட்டபோது நால்வரும் சொல்லிழந்தோம். கண்கள் இரண்டும் நீர்நிறைந்த சுனைபோல் தெளிந்திருந்தன. சுருக்கங்கள் இருந்தன, ஆனால் உறுத்தவில்லை. பின்னால் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் கரைந்து ஓர் இருள்வெளியாயிருந்தன. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆயா கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. என் தோட்டக் காணமே?"

தோடு இருந்தது, கரைந்துபோய். ஒரு மீட்டர் தொலைவில் எஃப்/2 துளையில் கூர்மை நிற்பது முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். கண்ணுக்கும் காதுக்கும் இடைவெளி அதைவிட அதிகம். கண்ணில் கூர்மையை நிறுத்தினால் காது கரைந்தாக வேண்டும், கணக்கு அப்படி.

"மொதமொதல்ல கேவுரு வித்த காசுல அவரு வாங்கிப் போட்டது. அது இல்லாம நான் என்னத்துக்கு?"

இந்த ஒரு வாக்கியம் எங்கள் குறிப்பேட்டுக்கு ஒரு புதிய பத்தியைச் சேர்த்தது. வில்லை எதை அழகாக்குகிறது என்று அதுவரை எழுதிவந்தோம். அது எதை மறைக்கிறது, மறைபட்டது யாருக்குரியது என்ற பத்தி அன்று தொடங்கியது. ஆயாவை எஃப்/5.6இல் மீண்டும் எடுத்தோம். கூர்மையின் ஆழம் 13 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தது. தோட்டின் கல், முன்கையில் குத்திய பச்சை, திண்ணைத் தூணில் அவர் சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பான இடம் எல்லாம் வந்துவிட்டன. அவர் வைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

பிறகு ஒரு சோதனை செய்தோம். மூன்று வில்லைகளாலும் ஒரே திண்ணையில், ஒரே ஒளியில், முழுத் துளையிலும் எஃப்/5.6இலும் எடுத்த படங்களைப் பின்புறம் எண்ணிட்டுக் கலைத்து வைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே வில்லையைக் கண்டுபிடிக்க முயன்றோம். முழுத் துளையில் எடுத்தவற்றை எல்லோரும் எளிதாகப் பிரித்தோம். எஃப்/5.6இல் எடுத்தவற்றில் ஒருவர் விடையும் இன்னொருவர் விடையும் ஒத்துப்போகவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான் இருந்தது. துளை சுருங்கச் சுருங்கக் கண்ணாடியின் ஓரங்கள் ஒதுக்கப்படுகின்றன. பிழைகள் வாழ்வது பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான். பிழைகள் ஒதுங்கியதும் குடிவழி வேற்றுமைகளும் ஒதுங்கிவிட்டன. பெருவிலை கொடுத்து வாங்கப்படும் 'குணம்' என்பது, துளையைத் திறந்து பிழைகளை உள்ளே அழைக்கும்போது மட்டும் வருகிற விருந்தாளி.

அப்படியானால் குணத்தைத் தேடுவது வீண்வேலையா? இல்லை. அதற்கு விடை வேறொரு வீட்டில் கிடைத்தது. எழுந்து நடக்க இயலாத பெரியவர் ஒருவர். வெளியே தூக்கிவந்து உட்காரவைக்க நாங்கள் விரும்பவில்லை. அறையில் ஒரே ஒரு சன்னல். அடுப்புப்புகை படிந்த சுவர்கள். ஜுபிடரை முழுக்கத் திறந்து, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். படத்தில் சன்னலின் ஒளி சட்டத்துக்குள் நிற்காமல் வழிந்து, பெரியவரின் நரைத்த தலையின்மேல் மெல்லப் படிந்திருந்தது. பாடநூலின்படி அது பிழை. அவர் மகள் பார்த்துவிட்டு, "அந்த ரூமு இப்படித்தான் இருக்கும். அப்பா அங்கதான் இருக்காரு" என்றார். அந்த அறையின் புகை கலந்த காற்றை அந்தக் கண்ணாடியின் பிழை எப்படியோ சொல்லிவிட்டிருந்தது. இண்டஸ்டாரால் அதே நாளில் எடுத்த படத்தில் அறை தூய்மையாக இருந்தது. அது வேறு யாருடைய அறையோ.

ஆயா கேட்ட தோட்டை அதே கண்ணாடி அதே துளையில்தான் கரைத்தது. இங்கே அதே பிழை ஒரு வீட்டின் காற்றைக் கொண்டுவந்தது. ஆகவே, எதிரே இருப்பவரின் வாழ்க்கையோடு ஒத்துப்போகும் பிழை குணம்; அவருக்குரிய ஒன்றை அவரிடமிருந்து பறிக்கும் பிழை குற்றம். வில்லையைத் தனியே மேசைமேல் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க வழியில்லை.

சும்மிக்ரான் தவணை முடிந்து பெங்களூருக்குத் திரும்பிவிட்டது. அதைப் பிரிந்ததில் வருத்தம் உண்டு, நடுகல்லை நினைக்கும்போது. ஜுபிடரும் இண்டஸ்டாரும் எங்கள் பையில் இருக்கின்றன. திண்ணை வெளிச்சத்தில் பெரும்பாலும் எஃப்/5.6, இருண்ட அறைகளில், வேறு வழியில்லாதபோது, ஜுபிடரின் முழுத் துளை. இதுவே இப்போது எங்கள் நடைமுறை.

வாசகர்களுள் எவரிடமேனும் தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய ரேஞ்ச்ஃபைண்டர் இருக்குமானால், அதை விற்பதற்கோ விலை கேட்பதற்கோ முன்னால் ஒன்று செய்யலாம். ஒளியை உள்ளே செலுத்தி அது நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் உங்களுக்கு மனப்பாடமான ஒரு மரத்தையும், ஒரு கல்லையும், ஒரு முகத்தையும் அதனால் எடுங்கள். பிறகு அந்த முகத்துக்குரியவரிடமே படத்தைக் கொடுத்து, எது வந்திருக்கிறது, எதைக் காணோம் என்று கேளுங்கள். அட்டவணையில் இல்லாத பத்தியை அவர் சொல்லுவார்.